வழி சொல்ற ஆளை மாத்தினோம்

விவசாயம் எழுதுற இடத்துல கம்ப்யூட்டருக்கு என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். வேலை இருக்கு. இன்னைக்கு ஒரு விவசாயிக்குச் சிட்டா வேணும்னா கம்ப்யூட்டர். பயிர்க் காப்பீடு பதியணும்னா கம்ப்யூட்டர். கொள்முதல் நிலையத்துல நெல்லைப் போட முன்பதிவு செய்யணும்னாலும் கம்ப்யூட்டர். மண்வெட்டிக்குப் பிடி மாத்தத் தெரிஞ்சிருக்கிற மாதிரி, இதுலயும் சின்னச் சின்ன ரிப்பேர் தெரிஞ்சு வச்சிருக்க வேண்டிய காலம் வந்திருச்சு. அப்படி நான் கத்துக்கிட்ட ஒரு வேலையைப் பத்தித்தான் இந்தப் பதிவு. டி.என்.எஸ். மாத்துறது. பட்டணத்துல இருக்கிற உங்கள்ல பல பேருக்கு இது பழைய சங்கதியா இருக்கலாம். ஆனா மாத்தினவங்கள்ல எத்தனை பேர் அது என்னன்னு தெரிஞ்சு மாத்தினாங்க என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி போகிற ரயில் பாதையில் கண்டனூர் புதுவயல் என்று ஒரு நிலையம் வரும். அதுதான் எங்க ஊர். அரிசி மில்லுகளுக்குப் பேர் போனது. சுத்துப்பட்டு வயல் எல்லாம் வானத்தையும் கண்மாயையும் நம்பித்தான். ஐப்பசி, கார்த்திகை மழை சரியா இருந்தா நெல்லு வீடு வந்து சேரும். கூடினாலும் போச்சு, குறைஞ்சாலும் போச்சு. அதனால இங்கே பயிர்க் காப்பீட்டை யாரும் லேசா நினைக்கிறதில்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. ரபி பருவ உணவுப் பயிருக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். சின்னத் தொகைதான். ஆனா கடைசித் தேதி தாண்டினா அந்தச் சின்னத் தொகையைக் கட்டவும் வழி கிடையாது.

அந்தக் கடைசித் தேதிக்கு மூணு நாள் இருக்கும்போதுதான் எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சு. சிட்டா நகல் எடுக்கணும், கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கணும், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்ப் பதியணும். சிட்டா எடுக்கிற தளம் திறக்கவே இல்லை. பேங்க் தளமும் திறக்கலை. ஆனா கீழே மூலையில பார்த்தா இணைப்பு இருக்குன்னு காட்டுது. பெட்டியில எல்லா விளக்கும் பச்சையா எரியுது. மழைக்கு ஒயர் அறுந்திருந்தா சிவப்பு விளக்கு எரியும், எங்களுக்குப் பழக்கம். இது அப்படி இல்லை.

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். போன் போட்டேன்.

"மாமா, செல்போன்ல வைஃபையை அணைச்சிட்டு அதே தளத்தைத் திறந்து பாருங்க" என்றான். திறந்தது.

"அப்ப அந்தத் தளத்துல கோளாறு இல்லை. இப்பக் கம்ப்யூட்டர்ல கருப்புத் திரையைத் திறந்து பிங், ஒரு இடைவெளி, 8.8.8.8 அடிங்க."

அடிச்சேன். பதில் வரிசையா வந்துச்சு.

"அதே மாதிரி பிங் போட்டு, நம்பருக்குப் பதிலா ஒரு தளத்தோட பேரை அடிங்க." அடிச்சேன். அப்படி ஒரு பேரே தெரியாதுன்னு சொல்லிருச்சு.

"அவ்வளவுதான் மாமா. ரோடு நல்லா இருக்கு. வழி சொல்ற ஆளுக்குத்தான் நினைவு தப்பிருச்சு. ஆளை மாத்திருவோம்."

இந்தப் பரிசோதனையை எல்லாரும் மனசுல வச்சுக்கலாம். நம்பருக்குப் பதில் வருது, பேருக்குப் பதில் வரலைன்னா கோளாறு பெரும்பாலும் டி.என்.எஸ்-ல. நம்பருக்கே பதில் இல்லைன்னா கோளாறு இணைப்புல. அப்போ எதை மாத்தியும் பிரயோசனம் இல்லை, லைன்மேன் வரணும்.

வழி சொல்ற ஆள்னு அவன் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது. காரணம் எங்க சீமைதான். செட்டிநாட்டுல விலாசம்னா தெருப் பேரும் கதவு எண்ணும் இல்லை. நகரத்தார் வீடுகளுக்குப் பெயருக்கு முன்னால வர்ற தலைப்பெழுத்து வரிசைக்குத்தான் விலாசம்னு பேர். ஒரே பேர் உள்ளவங்க ஊர்ல பத்துப் பேர் இருப்பாங்க. விலாசத்தைச் சொன்னாத்தான் எந்த வீடுன்னு தெரியும். வெளியூர்ல இருந்து கல்யாணப் பத்திரிகையோட வர்றவர் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில விலாசத்தைச் சொல்லி, வீடு எங்கேன்னு கேட்பார். டீக்கடைக்காரர் கையை நீட்டுவார். அந்த டீக்கடைக்காரர்தான் டி.என்.எஸ்.

கம்ப்யூட்டர்களுக்கு ஒருத்தரையொருத்தர் எண்ணாலதான் தெரியும். புள்ளி வச்சுப் பிரிச்ச நாலு எண்கள், ஒவ்வொண்ணும் 0-விலிருந்து 255 வரைக்கும். மனுஷனுக்குப் பேர்தான் ஞாபகம் இருக்கும். பேரைக் கொடுத்து எண்ணை வாங்குற வேலைதான் டி.என்.எஸ். வேலை. நீங்க ஒரு தளத்தைத் திறக்கும்போதெல்லாம், உங்க கண்ணுக்குத் தெரியாம கம்ப்யூட்டர் முதல்ல இந்த ஆள்கிட்ட ஓடிப்போய் வழி கேட்டுட்டுத்தான் அப்புறம் நடக்க ஆரம்பிக்குது.

அந்த டீக்கடைக்காரருக்கே தெரியலைன்னா? அவர் சும்மா இருக்கிறதில்லை, கேட்டுச் சொல்றார். நகரத்தாரிடம் முன்பின் தெரியாதவர் பேச்சுக் கொடுத்தா எந்த ஊர், எந்தக் கோயில்னு விசாரிச்சுக்கிட்டே வருவாங்க. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில்னு ஆரம்பிச்சு ஒன்பது நகரக் கோயில்கள். கோயில் தெரிஞ்சா கூட்டம் தெரியும். ஊர் தெரிஞ்சா வீடு நெருங்கிரும். விலாசம் தெரிஞ்சா வாசலுக்கே வந்துரலாம். இணையத்துலயும் இதேதான். சிட்டா எடுக்கிற தளத்தோட பேரைப் பாருங்க. இ-சர்வீசஸ் புள்ளி டி.என். புள்ளி கவ் புள்ளி இன். இதைப் பின்னாலிருந்து படிக்கணும். 'இன்' என்றால் இந்தியா. அதுக்குள்ளே 'கவ்' அரசாங்கம். அதுக்குள்ளே 'டி.என்.' தமிழ்நாடு. அதுக்குள்ளே அந்தச் சேவை. உச்சியில இருக்கிற வேர் சர்வர்கள் ஆங்கில எழுத்து ஏ முதல் எம் வரைக்கும் 13 பேர்களில் இருக்கு. அதோட நகல்கள் இந்தியாவிலயும் உலகம் பூராவும் இருக்கு. "இன் யாரைக் கேட்கணும்?" என்று வேரைக் கேட்டு, அங்கே போய் "கவ் யாரைக் கேட்கணும்?" என்று கேட்டு, இப்படியே இறங்கி வாசலுக்கு வந்து எண்ணை வாங்கிக்கிட்டு வரும். ஒரு தடவை கேட்டதைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சுக்கும். அதனாலதான் அன்னைக்கு எனக்குச் சில தளங்கள் திறந்துச்சு, சிலது திறக்கலை. திறந்ததெல்லாம் முன்னாடியே கேட்டு ஞாபகத்துல இருந்தது.

ஆரம்பத்துல இந்தச் சங்கிலி எல்லாம் இல்லையாம். அமெரிக்காவில ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துல ஒரே ஒரு பட்டியல். எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மாவோட குழுதான் அதைப் பராமரிச்சாங்க. புதுசா ஒரு கம்ப்யூட்டர் சேரணும்னா அங்கே சொல்லிப் பேர் சேர்க்கணும். எல்லாரும் அந்தப் பட்டியலை நகல் எடுத்து வச்சுக்குவாங்க. பழைய காலக் கணக்குப்பிள்ளை கையில ஊர்க் கணக்கு மொத்தமும் இருந்த மாதிரி. கம்ப்யூட்டர்கள் பெருகினதும் ஒரே நோட்டுல அடங்கலை. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர் இந்தப் பகிர்ந்து பார்க்கிற முறையை வகுத்தார். அந்தந்த ஊர்க் கணக்கை அந்தந்த ஊரே பார்த்துக்கட்டும் என்கிற ஏற்பாடு. பழைய பட்டியலோட மிச்சமா 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு கோப்பு இன்னைக்கும் உங்க கம்ப்யூட்டருக்குள்ள கிடக்கு.

சரி, மாத்துறது எப்படி? வீட்டுக்கு இணைப்பு எடுக்கும்போது, இணைப்புக்காரரே ஒரு வழிகாட்டியையும் சேர்த்துத் தந்துடுறார். நாம கேட்காமலே வர்றதால அது இருக்கிறதே நமக்குத் தெரியாது. ஆனா அதைத்தான் வச்சுக்கணும்னு கட்டாயம் இல்லை. பொதுவுல யார் வேணும்னாலும் கேட்கிற மாதிரி சில வழிகாட்டிகள் இருக்கு. கூகுள் 2009 டிசம்பர்ல ஆரம்பிச்சது 8.8.8.8, அதுக்குத் துணை 8.8.4.4. கிளவுட்ஃப்ளேர் 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆரம்பிச்சது 1.1.1.1, துணை 1.0.0.1. சுவிட்சர்லாந்தில் லாப நோக்கமில்லாத அறக்கட்டளையா நடக்கிற குவாட்9 என்பதோட எண் 9.9.9.9. திருட்டுத்தனமான தளம்னு தெரிஞ்ச பேர்களுக்கு அது வழி சொல்லாது.

மருமகன் முதல்ல சொன்னது, "எதையும் தொடுறதுக்கு முன்னாடி இப்ப இருக்கிறதை ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க மாமா." அறுவடை மெஷினைக் கழட்டுறவன் நட்டு இருந்த இடத்தைக் குறிச்சு வச்சுக்கிற மாதிரி. பழைய காலண்டர் தாள் ஒண்ணைக் கிழிச்சு எழுதிக்கிட்டேன்.

விண்டோஸ் 11-ல வழி இதுதான். செட்டிங்ஸ் போங்க. அதுல நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட். ஒயர் போட்டிருந்தா ஈதர்நெட், இல்லைன்னா வைஃபை, அதுக்குள்ளே ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸ். அங்கே டி.என்.எஸ். சர்வர் அசைன்மென்ட் என்று ஒரு வரி இருக்கும், பக்கத்துல எடிட். ஆட்டோமேட்டிக்னு இருக்கிறதை மேனுவல்னு மாத்தி, ஐ.பி.வி.4 பொத்தானைத் தள்ளி விட்டா ரெண்டு கட்டம் வரும். முதல் கட்டத்துல முதல் எண், ரெண்டாவதுல துணை எண். சேவ். அவ்வளவுதான். அப்புறம் கருப்புத் திரையில ஐபிகான்ஃபிக், ஒரு இடைவெளி, சாய்கோடு, ஒட்டினாப்ல ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று ஆங்கிலத்துல அடிச்சா பழைய ஞாபகம் அழிஞ்சு புதுசாக் கேட்க ஆரம்பிக்கும்.

ஒரு சங்கதி பல பேர் விட்டுடுறது. இப்ப நிறைய இணைப்புகள்ல ஐ.பி.வி.6 என்ற நீள எண்களும் ஓடுது. மேலே உள்ளதை மட்டும் மாத்திட்டு அதை விட்டுட்டா, கம்ப்யூட்டர் அந்த வழியாப் பழைய ஆளையே கேட்டுக்கிட்டிருக்கலாம். அதையும் மேனுவல் ஆக்கி, கூகுள்னா 2001:4860:4860::8888, கிளவுட்ஃப்ளேர்னா 2606:4700:4700::1111 போடணும். பிடிக்கலைன்னா எல்லாத்தையும் மறுபடி ஆட்டோமேட்டிக் ஆக்கிட்டா முடிஞ்சது. எதுவும் கெட்டுப்போகாது. கம்ப்யூட்டர்ல மாத்தினா அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். இணைப்புப் பெட்டியிலேயே மாத்தினா வீட்டுல இருக்கிற அத்தனைக்கும்.

எங்க வீட்டுல பத்து நிமிஷ வேலை. சிட்டா வந்தது. மறுநாள் அடங்கலும் வாங்கிக் காப்பீடு பதிஞ்சாச்சு. ரசீதை வாங்கிப் பையில வச்சதும்தான் மனசு ஆறுச்சு. எங்க தெருவுல அதே இணைப்பு வச்சிருந்த இன்னும் மூணு வீட்டுல இதே கதை. அதுல ரெண்டு பேருக்கு வயல் இருக்கு, தேதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அன்னைக்குச் சாயங்காலம் நாலு வீட்டு எண்களும் மாறிடுச்சு. இணைப்புக்காரர் அவர் பக்கத்துக் கோளாறை அடுத்த வாரம் சரிபண்ணிட்டார். ஆனா தேதி அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காதே.

மூணாவது வீடு எதிர்வீட்டு ஆச்சியோடது. மகன் சிங்கப்பூர்ல. ராத்திரி எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து பேரனைப் பார்க்காட்டி ஆச்சிக்குச் சோறு இறங்காது. நான் எண்ணை அடிக்கும்போது பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே கேட்டாங்க.

"ஏன் தம்பி, இந்த நம்பர் யாரோடது?"

"அமெரிக்காக்காரன் கம்பெனி ஆச்சி."

"ஏதுக்கு நமக்குச் சும்மா வழி சொல்றான்? என் பேங்க்கு கணக்கெல்லாம் அவன் பார்ப்பானா?"

நாலு வீட்டுலயும் இந்தக் கேள்வியைக் கேட்டது ஆச்சி ஒருத்தர்தான். படிச்சவங்களும் இருந்தாங்க, யாரும் கேட்கலை. நியாயமான கேள்வி. நான் போன்லயே மருமகனைக் கேட்டு ஆச்சிக்குச் சொன்னது இது. நீங்க பேங்க்குக்கு வழி கேட்டீங்க என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியும். உள்ளே போய் எவ்வளவு போட்டீங்க, எவ்வளவு எடுத்தீங்க என்பது தெரியாது. பாஸ்வேர்டு அவர் கண்ணுல படாது. ஆனா தினமும் யார் யார் வீட்டுக்கு வழி கேட்குறீங்கன்னு ஒருத்தர் குறிச்சு வச்சா அதுவே பெரிய சங்கதிதான். பழைய ஆளும் இதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தார், புது ஆளும் பார்ப்பார். கேட்டவரோட எண் இருக்கிற குறிப்புகளை 24 முதல் 48 மணி நேரத்துல அழிச்சுடுறோம்னு கூகுள் எழுத்துல சொல்லியிருக்கு. அந்த வாக்கை நம்புறதும் நம்பாததும் நம்ம இஷ்டம். விண்டோஸ் 11-ல டி.என்.எஸ். ஓவர் எச்.டி.டி.பி.எஸ். என்று ஒரு வசதி இருக்கு. அதைப் போட்டா நாம கேட்கிற கேள்வி நடுவுல நிற்கிறவங்க காதுல விழாது. பதில் சொல்ற ஆளுக்கு மட்டும் தெரியும்.

ஆச்சி கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்ப யாரைக் கேட்குறோம்னு தெரிஞ்சு கேட்கணும், அதானே? போடு" என்றாங்க.

அதேதான். யாரைக் கேட்குறோம்னு தெரியாமப் போனா என்ன ஆகும்னு ஒரு நடந்த சம்பவம் இருக்கு. டி.என்.எஸ். சேஞ்சர் என்று ஒரு கெட்ட மென்பொருள். கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து வேற எதையும் பெரிசாச் செய்யாது. இந்த எண்களை மட்டும் மாத்தி, திருடங்க நடத்துற சர்வரைக் காட்டிட்டுப் போயிரும். அப்புறம் நீங்க ஒரு இடத்துக்கு வழி கேட்டா அவங்க வேற இடத்தைக் காட்டுவாங்க. உலகம் பூரா 40 லட்சம் கம்ப்யூட்டர் மாட்டுச்சு. 2011 நவம்பர்ல எஸ்டோனியா நாட்டுல ஆறு பேரைப் பிடிச்சாங்க. சர்வரை உடனே அணைச்சா மாட்டின கம்ப்யூட்டருக்கெல்லாம் இணையமே போயிரும் என்று, நீதிமன்ற அனுமதியோட நல்ல சர்வரை அந்த இடத்துல வச்சு 2012 ஜூலை 9 வரைக்கும் ஓட்டினாங்க. நான் பத்து நிமிஷத்துல செஞ்ச அதே வேலைதான், திருடனும் செஞ்சான். அதனால யாராவது போன் பண்ணி "நெட் வேகமாகும், இந்த நம்பரைப் போடுங்க" என்று தெரியாத எண்ணைச் சொன்னா போடாதீங்க.

வேகம்னதும் இன்னொண்ணு. டி.என்.எஸ். மாத்தினா நெட் பறக்கும் என்று ஒரு பேச்சு இருக்கு. மோட்டார் எத்தனை குதிரைத்திறனோ அத்தனைதான் தண்ணி வரும். வாய்க்காலுக்கு வழி சொன்னதால தண்ணி கூடாது. பழைய வழிகாட்டி ரொம்ப மந்தமா இருந்திருந்தா, பக்கம் திறக்க ஆரம்பிக்கிற அந்த முதல் கணம் கொஞ்சம் குறையும். சினிமா இறக்குற வேகம் மாறாது.

எல்லாக் கோளாறுக்கும் இது மருந்தும் இல்லை. 2021 அக்டோபர் 4 ராத்திரி வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஒரே நேரத்துல படுத்தது ஞாபகம் இருக்கும். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அந்தக் கம்பெனியோட சொந்தப் பெயர் சர்வர்களுக்குப் போற பாதையே இணையத்துல இருந்து அழிஞ்சு போச்சு. வீட்டுக்காரனே விலாசப் பலகையைக் கழட்டி உள்ளே வச்சுக்கிட்டா, எந்த டீக்கடையில கேட்டு என்ன?

தடை செஞ்ச தளத்தைப் பார்க்கத்தான் பல பேர் இதைத் தேடுறாங்க என்பதும் தெரியும். 2014 மார்ச்ல துருக்கியில ட்விட்டரை அரசாங்கம் தடை செஞ்சப்போ, இஸ்தான்புல் சுவர்கள்ல ஜனங்க 8.8.8.8-னு பெயின்ட் அடிச்சு எழுதிவச்சாங்க. சீக்கிரமே அங்கிருந்த இணைப்புக் கம்பெனிகள் அந்த எண்ணுக்குப் போற கேள்வியையே நடுவுல மடக்கித் தாங்களே பதில் சொல்ல ஆரம்பிச்சுச்சு. நம்ம பக்கத்துலயும் 2012-இல் '3', 'தம்மு' படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்துல வாங்கின உத்தரவைக் காட்டி விமியோ மாதிரி முழுத் தளங்களையே பல இணைப்புக் கம்பெனிகள் மூடினாங்க. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தாப் போதும்னு ஜூன் மாசம் நீதிமன்றமே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. வழி சொல்ற ஆள் கையில எவ்வளவு அதிகாரம் இருக்குன்னு இதுல தெரியுது. ஆனா நான் இந்தப் பதிவை எழுதுறது சுவர் ஏறிக் குதிக்க இல்லை, சொந்த நிலத்தோட சிட்டாவை எடுக்க.

நீங்க மாத்துறதா இருந்தா மூணு காரியம் போதும். இப்ப இருக்கிறதை எழுதி வைங்க. புது எண் யாருடையதுன்னு தெரிஞ்சுக்கங்க. மாத்தின தேதியைக் குறிச்சு வைங்க, அடுத்த வருஷம் வேற கோளாறு வரும்போது உதவும். எங்க வீட்டுக் காலண்டர் தாள் கம்ப்யூட்டருக்குப் பின்னாடி சுவத்துல ஒட்டியிருக்கு. ஆச்சி வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. அதுல எண்களுக்குக் கீழே, சிங்கப்பூர்ல இருக்கிற மகனோட போன் நம்பரையும் ஆச்சி எழுதச் சொன்னாங்க. பெட்டி பேசாமப் போனாலும் அவன்கிட்டப் பேசணும்ல என்றாங்க.